பீங்கான் இலையில் உண்டவர்கள்

மலாக்கா செட்டிக் கம்போங் என்ற குடியிருப்பின் இறந்துபோனவர்கள், தங்கள் தங்கள் வீடுகளுக்கு வராமல், ஆற்றங்கரைக் கலைக்கூடம் ஒன்றுக்குப் போய்ப் பீங்கான் சோற்றைத் தின்றுவிட்டுப் போன அந்தப் போகிப் பண்டிகையன்று, குஞ்சரி நாயக்கர் தன் அண்ணன் வீட்டுச் சமையலறையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். செய்தி வந்தபோது அவள் கண்களில் ஏற்கெனவே நீர் நிறைந்திருந்ததால் அவள் அழுதாளா இல்லையா என்பதை அன்றைக்கும் சரி, பிறகும் சரி, யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

செய்தியைக் கொண்டுவந்தவர் கலைக்கூடத்துக் காவலாளி முத்துக்கருப்பன். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த தமிழர். மோட்டார்சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றாமலே, காலையில் கதவைத் திறந்ததாகவும், இரவெல்லாம் பூட்டு அப்படியே இருந்ததாகவும், உள்ளே வரிசையாக வைத்திருந்த மண் இலைகளில் சோறு குறைந்திருந்ததாகவும், மீன் துண்டில் பல் பட்டிருந்ததாகவும், ஒரு ஆள் மட்டும் வெண்டைக்காயை ஒதுக்கி வைத்துவிட்டுப் போயிருப்பதாகவும், பஸ் தாமதமாக வந்ததைச் சொல்கிற குரலில் சொல்லி முடித்தார்.

"வெண்டைக்காயா?" என்று கேட்டாள் அண்ணி கனகவேணி. "அப்ப அது எங்க பெரிய மாமா."

அந்தக் கம்போங்கின் ஆட்கள் இப்படித்தான். எந்தக் காலத்திலோ சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த வியாபாரிகள், ஊர் திரும்பக் காற்று மாறுவதற்காகக் காத்திருந்த மாதங்களில் மலாய்க்காரப் பெண்களையும் ஜாவாக்காரப் பெண்களையும் சீனப் பெண்களையும் கட்டிக்கொண்டு, காற்று மாறிய பிறகும் போகாமல் இருந்துவிட்டார்கள்; அவர்களுடைய பிள்ளைகள் தாயிடம் பேச்சைக் கற்றார்கள், தகப்பனிடம் சாமியைக் கற்றார்கள்; ஆகவே இன்றைக்கும் அவர்கள் வீட்டுப் பெண்கள் சாரோங்கும் கெபாயாவும் உடுத்தி, சம்பால் அரைத்து, மலாயில் சண்டை போட்டு, மலாயில் சமாதானமாகி, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்குப் போகிறார்கள். தமிழ் எந்தத் தலைமுறையில் வீட்டைவிட்டு வெளியே போனது என்று யாருக்கும் தெரியாது. முத்துக்கருப்பனுக்கு அதில் வருத்தம் உண்டு. நாயக்கர் என்று பெயரை வைத்துக்கொண்டு நாலு வார்த்தை தமிழ் பேசக் கூடாதா என்று கனகவேணியிடம் அவர் மலாயில் கேட்பார். நாங்க பேசறது சாமிக்குப் புரியுது, உங்களுக்கு என்ன கஷ்டம் என்று அவளும் மலாயில் திருப்பிக் கேட்பாள்.

போகியன்று அவர்கள் செய்வது பார்ச்சு. முன் கூடத்தில் பாய் விரித்து, வாழையிலை போட்டு, போனவர்களுக்கு எது எது பிடிக்குமோ அதையெல்லாம் பரிமாறி வைப்பார்கள். தேங்காய்ப்பால் சோறும், புளி தூக்கலான பாராங் மீன் பிண்டாங் குழம்பும், வாஜிக் என்ற இனிப்பும், குடித்தவருக்கு ஒரு பாட்டில் ஸ்டவுட்டும், புகைத்தவருக்கு ஒரு சுருட்டும் வைத்து, சாம்பிராணி போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, உயிரோடிருக்கும் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள். சாப்பிடுகிறவர்களைப் பார்க்கக் கூடாது. முற்றத்தில் நின்று மழையைப் பற்றியும் பந்தாட்டத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு ஆள் நிதானமாகச் சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரம் ஆனதும், கதவைத் தட்டி, உள்ளே போய், அதே இலைகளைச் சுற்றி உட்கார்ந்து மீதியைச் சாப்பிடுவார்கள். அந்த மீதியைச் சாப்பிட்டு முடித்தால்தான் விருந்து முடிந்ததாகக் கணக்கு. அப்போதுதான் வந்தவர்கள் எழுந்து போவார்கள்.

அந்த வருடம் வீடுகளில் கதவைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தவர்கள் முதல் வாயிலேயே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போனவர்கள் தொட்ட சோறு கொஞ்சம் சப்பென்றிருக்கும். எல்லா வருடமும் அப்படித்தான். இந்த வருடம் பிண்டாங் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கியதுபோல் நாக்கைச் சுண்டியது. எந்த வீட்டிலும் யாரும் வந்திருக்கவில்லை.

குஞ்சரி இருபத்தைந்து வருடங்களாக ராட்டர்டாமில் இருந்தவள். அங்கே மண்ணைப் பிசைந்து பெயர் வாங்கி, நாற்பத்தெட்டாவது வயதில் இரண்டு பெட்டியும் ஒரு மின்சூளையுமாக ஊர் திரும்பினாள். அவளுடைய அப்பா அருணகிரி நாயக்கர், தம்பின் என்ற பக்கத்து ஊருக்குப் பஸ் ஓட்டியவர், விமானங்களெல்லாம் நின்றுபோயிருந்த அந்த வருடத்தில் இறந்தார். அண்ணன் தில்லை சுடுகாட்டில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் கடலுக்கு அப்பால் ஒரு சமையலறை மேசையில் உட்கார்ந்து பார்த்தாள். அப்பாவின் முகத்தருகே பூ வைக்கிற ஒரு கையோடு படம் அப்படியே நின்றுவிட்டது. திரும்ப அசைந்தபோது அங்கே புகைதான் இருந்தது. குற்றம் யாருடையதும் இல்லை. ஆனால் அந்த நின்றுபோன கை அவளுக்குள் நின்றபடியே இருந்தது. அதிலிருந்துதான் அவள் இந்த இலைகளைச் செய்தாள்.

பீங்கானில் வாழையிலைகள், நரம்பு தெரியப் பச்சை மெருகு ஏற்றியவை, ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக உருட்டிச் சுட்ட சோறு, செதில் மின்னும் மீன், கண்ணாடி ஸ்டவுட், சாம்பல் விழக் காத்திருக்கும் சுருட்டு. நடுவில் ஒரு பெரிய சோற்றுப் பானையும் கரண்டியும். ஒவ்வொரு இலைக்கும் கம்போங்கில் இறந்துபோன ஒருவரின் பெயர். கடைசி இலை அப்பாவுடையது. சூளையில் திரும்பத் திரும்ப வெடித்து, திரும்பத் திரும்பச் செய்ததாலோ என்னவோ, அதுதான் எல்லாவற்றிலும் அழகாக அமைந்திருந்தது. கலைக்கூடத்தை நடத்திய டான் கிம் நியோ, மலாய் வழக்கத்தில் கலந்த சீனர்களான பாபா நோன்யா குடும்பத்தில் பிறந்தவள், போகிக்கு முந்தின நாள் மாலை கண்காட்சியைத் திறந்துவைத்தாள். வந்த கூட்டம் போனதும் குஞ்சரி சாம்பிராணி போட்டு, பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அதைக் கலையின் ஒரு பகுதியாகச் செய்ததாகத்தான் அவள் நினைத்திருந்தாள். கூப்பிடப்பட்டவர்கள் அப்படி நினைக்கவில்லை.

கம்போங் முழுவதும் கிளம்பி வந்தது. கலைக்கூடத்தின் வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே சாரோங்கும் வேட்டியும் குடையும் செருப்புமாக வந்து நின்றவர்கள், அதிசயத்தைப் பார்க்க வந்தவர்களைப் போலில்லாமல், கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் இலைகளைப் பார்வையிடுகிற சம்பந்திகளைப் போலப் பார்த்தார்கள். மீன் தோலை உரித்து ஓரத்தில் மடித்து வைத்திருந்தவர் பொன்னம்மா நோன்யாதான், அதில் சந்தேகமே இல்லை. பல் இல்லாத சின்னையாப் படையாச்சி சோற்றை மட்டும் ஈறால் அழுத்தியிருந்தார். பீங்கானில் அந்த அழுத்தம் கட்டைவிரல் பட்ட வெண்ணெயைப்போல் பதிந்திருந்தது. நல்லசாமிப் பிள்ளை ஸ்டவுட்டை முடித்துவிட்டு வேறெதையும் தொடவில்லை. அவருடைய விதவை அதைப் பார்த்துவிட்டு, செத்தும் திருந்தலை என்று சொல்லி, சொல்லும்போதே கெபாயாவின் ஊசியைச் சரிசெய்துகொண்டு, லேசாகச் சிரித்தாள்.

பிறகு மனத்தாங்கல்கள் வந்தன. அவள் யார் யார் படத்தைப் பார்த்து இலை செய்தாளோ அவர்களுக்குத்தான் இலை இருந்தது. படம் எடுக்கப்படாமல் செத்தவர்களுக்கும், எடுத்த படத்தைக் கரையான் தின்றவர்களுக்கும் இலை இல்லை. எங்க சின்னம்மா வாசல்ல நின்னு பார்த்துட்டுத் திரும்பிப் போயிருப்பா என்று ஒருத்தி சொன்னாள். அதைச் சொன்ன விதத்தில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, அதனால்தான் குஞ்சரியால் தாங்க முடியவில்லை. அவள் அண்ணன் வீட்டுக் கொல்லையில் சூளையை மூட்டி மேலும் இலைகள் செய்தாள். வேண்டியதைப் பெண்கள் வந்து சொன்னார்கள். ஒருவருக்குக் காரம் கூடாது; ஆகவே சிவப்பு மெருகைக் குறைத்தாள். ஒருவருக்கு அப்பளம் உடையாமல் இருக்க வேண்டும். உடையாத பீங்கான் அப்பளம் செய்ய அவள் கற்ற எல்லா வித்தையும் தேவைப்பட்டது.

இப்படியே அது ஊர்வழக்கமாகிப்போனது. மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் போகிற வழியில் கலைக்கூடத்தில் எட்டிப் பார்த்து, நேற்று நம்ம வீட்டாள் சரியாகச் சாப்பிட்டாரா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். இலையில் மீதி அதிகமிருந்தால் அன்று முழுவதும் கவலையாக இருந்தார்கள். வெளியூர்க்காரர்கள் டிக்கெட் வாங்கி வந்து கைகட்டி நின்று பார்த்தார்கள். அவர்களுக்கு முத்துக்கருப்பன், இது யார், அவர் எந்தத் தெரு, எதனால் இறந்தார் என்பதையெல்லாம் தமிழிலும் மலாயிலுமாகச் சொன்னார். கிம் நியோ கூட ஒரு நாள், வீட்டில் எல்லோரும் மதம் மாறிவிட்டதால் தன் அம்மாவுக்குப் படையல் வைக்க யாருமில்லை என்பதை வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு, மூலையில் ஒரு நீலக் கிண்ணம் வைத்தால் கண்காட்சியின் அமைப்பு கெட்டுவிடுமா என்று கேட்டாள். குஞ்சரி கிண்ணம் செய்து கொடுத்தாள். மறுநாள் அதில் ஒரு ஓரம் கடிபட்டிருந்தது. கிம் நியோ அன்று அலுவலக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மதியம்வரை வெளியே வரவில்லை.

எல்லோரும் சாப்பிட்டார்கள். அருணகிரி நாயக்கரின் இலை மட்டும் சூளையிலிருந்து வந்தபடியே இருந்தது.

குஞ்சரி மீனை மாற்றிப் பார்த்தாள். இறாலாகச் செய்து வைத்தாள். பஸ் டிப்போவில் அவர் விரும்பிக் குடித்த கட்டங்காப்பியைக் கறுப்புக் கண்ணாடியில் வார்த்து வைத்தாள். காலையில் முத்துக்கருப்பன் கதவைத் திறக்கும்போது அவருக்கு முன்னால் அவள் நிற்பாள்; கடைசி இலையைப் பார்ப்பாள்; ஒரு பருக்கையும் நகர்ந்திருக்காது. முத்துக்கருப்பன் அந்த நேரத்தில் விளக்குகளைச் சரிபார்க்கிற சாக்கில் வேறு பக்கம் போய்விடுவார். கம்போங்கில் இதைப் பற்றி அவளிடம் யாரும் பேசவில்லை, தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்: மகள்மேல் கோபமாக இருக்கலாம், மகள் பக்கத்தில் இல்லாமல் எரித்தவரின் ஆவிக்கு வழி தெரியாமல் இருக்கலாம், படத்தில் பார்த்த சாவைச் சாவென்று அவர் ஒப்புக்கொள்ளாமலிருக்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் ராட்டர்டாமிலிருந்து ஒரு அருங்காட்சியகத்தின் ஆட்கள் வந்தார்கள். கையுறை போட்டுக்கொண்டு பல்தடங்களை விளக்கு வைத்துப் பார்த்தார்கள். எல்லா இலைகளையும் பானையையும் கரண்டியையும் பாயையும்கூட நிரந்தரமாக வாங்கிக்கொள்வதாகவும், ஒரு தனிக் கூடமே கட்டப்போவதாகவும், கதவை ஒவ்வொரு மாலையும் முறைப்படி சாத்துவதாக எழுதித் தருவதாகவும் சொன்னார்கள். வாழ்நாளில் ஒரு கலைஞருக்கு ஒரு முறை வந்தாலே பெரிய விஷயம் அது. கம்போங்கிலும் பாதிப்பேருக்குச் சம்மதம்தான். குளிர் ஊர் ஆச்சே, நம்ம ஆளுங்க தாங்குவாங்களா என்பது ஒன்றுதான் அவர்களுடைய கவலை. நல்லசாமிப் பிள்ளையின் விதவை அவருக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னத் தொடங்கியிருந்தாள்.

கனகவேணி அதுவரை கலைக்கூடத்துக்கு வரவேயில்லை. கோயில் வேலை, பொங்கல் வேலை, பிள்ளை பரீட்சை என்று ஏதாவது இருந்தது. இலைகளெல்லாம் கப்பலேறப்போகின்றன என்றதும் ஒரு சாயங்காலம் தில்லையுடன் வந்தாள். வரிசையை ஒரு நடை நடந்து பார்த்தாள். திரும்பி வந்து நடுவிலிருந்த சோற்றுப் பானையின் முன்னால் நின்றாள்.

"அடெக்," என்று தங்கையைக் கூப்பிடுகிற மலாய் வார்த்தையால் கூப்பிட்டாள், "இந்தக் கரண்டியை எப்படி வச்சே?"

பானைமேல் குறுக்காக வைத்ததாகக் குஞ்சரி சொன்னாள்.

"இப்ப உள்ள கிடக்கே."

யாராவது துடைக்கும்போது விழுந்திருக்கும் என்றான் தில்லை.

"பானையில சோறு எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டாள் கனகவேணி. வாய்வரை வைத்திருந்ததாகக் குஞ்சரி சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. பானையில் பாதிதான் இருந்தது. அவள் இத்தனை நாளும் கடைசி இலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது மற்ற இலைகளைப் பார்த்தாள். காலியாகியிருக்க வேண்டிய இலைகளில் சோறு இருந்தது, நேற்று சம்பால் தீர்ந்திருந்த இலையில் இன்று சம்பால் இருந்தது. தான் ஊட்டி வளர்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்த பந்தியை வேறு யாரோ நடத்திக்கொண்டிருந்தார்கள்.

"எந்தப் பந்தியிலயாவது உங்கப்பா முதல்ல உட்கார்ந்து பார்த்திருக்கியா நீ?" என்றாள் கனகவேணி. "கல்யாணமாகட்டும், கருமாதியாகட்டும், சாரோங்கை மடிச்சுக் கட்டிக்கிட்டுக் கரண்டியோட நிப்பாரு. எல்லாரும் எழுந்த பிறகுதான் உட்காருவாரு. எனக்கு வேலை வச்ச மனுஷன். அவருக்காகவே நான் அடுப்பை மறுபடி பத்தவைக்கணும்."

தில்லை கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். குஞ்சரிக்கு முதலில் வந்தது சந்தோஷம். அப்பா வந்திருக்கிறார், கோபத்தில் இல்லை, வழி தவறிப் போகவுமில்லை. அந்தச் சந்தோஷம் தரையைத் தொடுவதற்குள் இன்னொன்று புரிந்தது. மீதியைச் சாப்பிட்டு முடித்தால்தான் பந்தி எழும். அவள் போட்டது உயிரோடிருக்கும் ஒருவரும் கடித்துத் தின்ன முடியாத சோறு. ஆகவே இந்தப் பந்திக்கு முடிவே இல்லை. முதல் பந்தி எழாதவரை பரிமாறுகிறவர் உட்காரப்போவதில்லை. ராட்டர்டாமில் கட்டப்போகும் அந்தக் கூடத்தில், ஒவ்வொரு மாலையும் முறைப்படி சாத்தப்படும் கதவுக்குப் பின்னால், தம்பின் பஸ்ஸில் முதுகு வளைந்த ஒரு மனிதர் வெறும் வயிற்றோடு கரண்டியைத் தூக்கிக்கொண்டு என்றென்றைக்கும் நடந்துகொண்டிருப்பார்.

மறுநாள் அவள் கிம் நியோவின் அறைக்குப் போய், இலைகளைத் தரப்போவதில்லை, கண்காட்சியையும் முடித்துவிடலாம் என்றாள். கிம் நியோ அருங்காட்சியகத்தைப் பற்றிப் பேசினாள், அதற்காகத் தான் எழுதிய கடிதங்களைப் பற்றிப் பேசினாள், இப்படியொன்று திரும்ப வராது என்றாள். எல்லாம் நியாயமாகவே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஆற்றில் சுற்றுலாப் படகு ஒன்று போனது.

"என் அம்மா?" என்றாள் கிம் நியோ. "நீ பந்தியை முடிச்சுட்டா அவங்க எங்க போய்ச் சாப்பிடுவாங்க?"

உங்க அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டாள் குஞ்சரி. கிம் நியோ, கருங்கொட்டை போட்ட கோழிக்குழம்பு, ஆனால் அதை எப்படி வைப்பதென்று தனக்குத் தெரியாது என்றாள். கனகவேணிக்குத் தெரியும், வந்து கற்றுக்கொள், அடுத்த வருடம் உன் வீட்டில் வைத்துக் கூப்பிடு என்றாள் குஞ்சரி. கிம் நியோ சரியென்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கம்போங்கின் எல்லா அடுப்புகளும் எரிந்தன. சட்டிகளும் தூக்குகளும் பாய்களுமாக வேனிலும் மோட்டார்சைக்கிளிலும் ஏற்றிக்கொண்டு கலைக்கூடத்துக்கு வந்தார்கள். உணவுப்பொருள் உள்ளே அனுமதியில்லை என்று எழுதியிருந்த பலகையை முத்துக்கருப்பன் கழற்றிச் சுவருக்குத் திருப்பி வைத்தார். பீங்கான் இலை ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வாழையிலையைப் போட்டு, அதே சோறு, அதே மீன், அதே சம்பால் பரிமாறினார்கள். அப்பாவுக்கான பிண்டாங்கைக் குஞ்சரியே வைத்தாள். புளி கூடிப்போய்விட்டது, கனகவேணி ருசி பார்த்துவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டாள், ஆனால் எதையும் மாற்றவில்லை. சாம்பிராணி போட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். படம் இல்லாதவர்களையும், பெயர் மறந்துபோனவர்களை இன்னாருடைய தங்கை, இன்னாருடைய பிள்ளை என்றும், கப்பலில் வந்து காற்றுக்காகக் காத்திருந்தவர்களைத் தமிழில் கூப்பிட்டால் நல்லது என்று தோன்றியதால் முத்துக்கருப்பனை விட்டும் கூப்பிட்டார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாரும் வாங்க, வந்து சாப்பிடுங்க" என்றார். எல்லோரும் வெளியே வந்தார்கள். கதவு சாத்தப்பட்டது.

ஆற்றோரம் நின்று மழை வருமா வராதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆள் நிதானமாகச் சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரம் ஆனது. தில்லை கதவைத் தட்டினான்.

உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சோறு சப்பென்றிருந்தது, எல்லோர் முகமும் மலர்ந்தது. கிம் நியோ நீலக் கிண்ணத்தின் முன்னால், பாயில் உட்காரப் பழக்கமில்லாமல், ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, விரல்களெல்லாம் கறுப்பாகக் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டாள். குஞ்சரி உட்காரவில்லை. சாரோங்கை மடித்துக் கட்டிக்கொண்டு, கரண்டியை எடுத்துக்கொண்டு, வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள். போதும் என்றவர்களுக்கும் போட்டாள். நல்லசாமிப் பிள்ளையின் விதவை இலைமேல் கையை விரித்து மறைத்தபோது விரலிடுக்கில் போட்டாள். ஒவ்வொருவராக இலையை மடித்து எழுந்து, கை கழுவப் போனார்கள். அவர்களுடன் வேறு பலரும் எழுந்து போவதுபோல அறையில் கொஞ்சம் கொஞ்சமாக இடம் கூடிக்கொண்டே வந்தது.

கடைசியில் அவள் மட்டும் இருந்தாள். பானையின் அடியில் சுரண்டினால் ஒரு பிடி தேறும். சட்டியில் வாலோடு ஒரு மீன் துண்டு. அப்பாவின் பீங்கான் இலைக்குப் பக்கத்தில் வாழையிலையைப் போட்டு, அதைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பசி அப்போதுதான் தெரிந்தது. புளிப்பில் பல் கூசியது. இந்த ஒரு துண்டில் யாரும் இன்னும் கைவைத்திருக்கவில்லை. இரண்டாவது வாயை எடுக்கும்போது பக்கத்திலிருந்து பீங்கான் நொறுங்குகிற சத்தம் கேட்டது, முதலில் மெதுவாக, பிறகு நாள் முழுக்க நின்ற மனிதரின் அவசரத்தோடு.

சாப்பிடுகிறவரைப் பார்க்கக் கூடாது. அவள் திரும்பாமல், தன் இலையைப் பார்த்தபடி சாப்பிட்டாள். சம்பால் கிண்ணத்தை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தாள்.